நீலத் தடிப்பு

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை. நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். கத்தியை எடுப்பதற்கு முன் அறுவை மருத்துவர் ஒரு சிறிய ஊசியைக் கையில் எடுக்கிறார். அதில் இருப்பது 2 மில்லி அடர்நீலத் திரவம். முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் அடியில் அதைச் செலுத்தி, ஐந்து நிமிடம் மெல்லத் தேய்த்துவிடுகிறார். பிறகு அக்குளில் சிறு கீறல் போட்டுக் கொழுப்பை விலக்கிப் பார்த்தால், மஞ்சள் கொழுப்புக்கு நடுவே நூல் போன்ற ஒரு நீலக்கோடு தெரியும். அந்தக் கோட்டைத் தொடர்ந்து போனால் அவரைக்கொட்டை அளவுள்ள நீலக் கணு ஒன்று கிடைக்கும். அவர் தேடி வந்தது அதைத்தான்.

பெரும்பாலோருக்குக் கதை இதோடு முடிகிறது. ஓரிரு நாள் சிறுநீர் பச்சையும் நீலமுமாகப் போகும். ஊசி போட்ட இடத்தில் நீலக்கறை சில மாதம் தங்கும். மிகச் சிலருக்கு மட்டும், சாயம் செலுத்திப் பத்து நிமிடமோ அரை மணியோ கழித்து, எச்சரிக்கை எதுவுமின்றி ரத்த அழுத்தம் சரிகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. மூடியிருக்கும் துணியை விலக்கிப் பார்த்தால் கையிலும் வயிற்றிலும் தொடையிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருக்கிறது. காணாக்கடி போன்ற அதே தடிப்புதான். ஆனால் சிவப்பாக இல்லை, நீலமாக இருக்கிறது.

அறுவை அரங்கில் ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள்களில் இந்தச் சாயங்களுக்குத் தனி இடம் உண்டு. இவற்றை மருந்து என்று யாரும் நினைப்பதில்லை. நோயைக் குணப்படுத்துவதற்காக இவற்றைத் தருவதில்லை, வழியைக் காட்டுவதற்காகத் தருகிறார்கள். அதனாலேயே ஆபத்து வரும்போது சந்தேகப் பட்டியலில் இவற்றின் பெயர் கடைசியில் வருகிறது. இந்த அத்தியாயத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவது ஒன்றுதான்: உடலுக்குள் போகும் சாயமும் மருந்துதான்.

முதலில் இந்தச் சாயம் ஏன் தேவைப்பட்டது என்று பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த அறுவை முறை மார்பகத்தோடு நிற்கவில்லை. அடியிலுள்ள மார்புத் தசைகளையும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒன்றுவிடாமல் அகற்றியது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அதுவே வேதவாக்காக இருந்தது. பின்னர் தசைகளை விட்டுவைக்கத் தொடங்கினார்கள், மார்பகத்தையே காப்பாற்றவும் கற்றுக்கொண்டார்கள். அக்குளைத் துப்புரவாக வழிக்கும் வழக்கம் மட்டும் தொடர்ந்தது. கணுக்கள் போனால் கையிலிருந்து நிணநீர் வடிய வழி இல்லை. கை வீங்குகிறது. அப்படிப்பட்டவர்களை வீட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வளையல் ஏறாது, ரவிக்கையின் ஒரு கையை மட்டும் பிரித்துத் தைக்க வேண்டும், சிறு கீறல் பட்டாலும் கை முழுதும் சிவந்து காய்ச்சல் வரும். புற்றுநோய் போன பிறகும் ஆயுள் முழுக்க அந்தக் கையைச் சுமக்க வேண்டும். இத்தனையும் பட்ட பெண்களில் பலருக்கு, வெட்டியெடுத்த கணுக்களில் புற்று இருந்ததே இல்லை என்பது சோதனைக்கூட அறிக்கை வந்த பிறகுதான் தெரியும்.

வாய்க்கால் வழியே வரும் நீர் முதல் கண்மாயை நிறைத்த பிறகே அடுத்த கண்மாய்க்குப் போகும். நிணநீரும் அப்படித்தான். மார்பிலிருந்து கிளம்பும் புற்றுச்செல் எந்தக் கணுவை முதலில் எட்டுமோ அந்தக் கணுவை மட்டும் எடுத்துச் சோதித்தால் போதாதா? அது சுத்தமாக இருந்தால் மற்றவை பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். காவல் கணு என்ற இந்தக் கருத்தை 1977இல் ரமோன் கபானாஸ் ஆண்குறிப் புற்றுநோயில் முன்வைத்தார். டொனால்ட் மார்ட்டன் தலைமையிலான கலிஃபோர்னியா குழு 1992இல் தோல் புற்றான மெலனோமாவில் நீலச் சாயத்தைக் கொண்டு அந்தக் கணுவைக் கண்டுபிடித்துக் காட்டியது. 1994இல் அர்மாண்டோ ஜூலியானோ அதை மார்பகப் புற்றுக்குக் கொண்டுவந்தார். அதற்கு ஓராண்டு முன்பு டேவிட் கிராக் கதிரியக்கப் பொருளைச் செலுத்திக் காமா கருவியால் கணுவைத் தேடும் வழியைக் காட்டியிருந்தார். இன்று பல மருத்துவமனைகளில் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். லட்சக்கணக்கான பெண்களின் கைகள் வீங்காமல் இருப்பதற்கு இந்த நீலத் திரவமும் ஒரு காரணம். அதன் தீங்கைப் பற்றிப் பேசும்போது இந்த நன்மையை மறந்துவிடக் கூடாது.

அந்தத் திரவம் எங்கிருந்து வந்தது? 1856இல் லண்டனில், பதினெட்டு வயது வில்லியம் பெர்க்கின் மலேரியாவுக்கான கொய்னாவைச் செயற்கையாகச் செய்ய முயன்றபோது ஊதாநிறச் சாயம் ஒன்று கிடைத்தது. அதைத் தொடர்ந்து நிலக்கரித் தாரிலிருந்து சாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன. துணிக்குப் போட்டதுபோக மீதியை உயிரியல் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்று காவல் கணுவைத் தேடப் பயன்படும் பேட்டன்ட் புளூ வி, ஐசோசல்ஃபான் புளூ ஆகிய இரண்டும் ட்ரைஃபீனைல்மீத்தேன் என்ற சாயக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரே கார்பன் அணுவை மூன்று வளையங்கள் சூழ்ந்திருக்கும் அமைப்பு அது. 1950களில் லண்டனில் ஜான் கின்மந்த், நிணநீர் நாளங்களைக் கண்ணால் காண்பதற்காகப் பேட்டன்ட் புளூவைப் பயன்படுத்தினார். நிணநாளம் நிறமற்றது, தலைமுடி அளவு மெல்லியது. சாயம் ஏறினால்தான் அது கண்ணுக்குப் படும்.

தோலுக்கடியில் செலுத்தியதும் இந்தச் சாயம் அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் ரத்தக் குழாய்க்குள் உடனே நுழைந்து கலந்துவிடாமல் நிணநாளத்தைப் பிடித்து நகர்கிறது. புரதத்தோடு ஒட்டும் இந்தக் குணம் இல்லையென்றால் அறுவை மருத்துவருக்கு இதனால் பயன் இல்லை. ஒவ்வாமைக்கு அடித்தளமாக ஆய்வாளர்கள் கருதுவதும் இதே குணத்தைத்தான். சின்னஞ்சிறு மூலக்கூறுகளை நோய் எதிர்ப்பு அமைப்பு பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. அவை ஒரு புரதத்தின்மீது ஏறி உட்கார்ந்தால் அந்தக் கூட்டுப்பொருளை அந்நியமாக அடையாளம் காணும். இதை ஐயமற நிறுவியவர், ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர். புரதங்களோடு அவர் இணைத்துச் சோதித்த பொருள்களில் முக்கியமானவை, துணிச் சாயங்களைச் செய்யும் அதே வேதிமுறையால் பிணைக்கப்பட்டவை.

ஒவ்வாமையைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி சாயங்களின் உதவியால் அறிந்ததே. 1870களின் இறுதியில் ஜெர்மனியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பால் எர்லிக், திசுக்களுக்குச் சாயமேற்றிப் பார்ப்பதிலேயே பொழுதெல்லாம் கழித்தார். நீலச் சாயம் இட்டால் நீலமாகாமல் ஊதாவாக மாறும் துகள்கள் நிறைந்த ஒரு செல்லை அவர் கண்டார். அதற்கு மாஸ்ட் செல் என்று பெயரிட்டார். அந்தத் துகள்களில் என்ன இருக்கிறது என்பது 1953இல்தான் தெரிந்தது. டண்டீ நகரில் ஜேம்ஸ் ரைலியும் ஜெஃப்ரி வெஸ்ட்டும் அது ஹிஸ்டமின் என்று காட்டினார்கள். நீலத் தடிப்பு வரும் நோயாளியின் உடலில் வெடித்துச் சிதறுவது இதே செல்கள்தான்.

வெடிப்பு ஏன் நடக்கிறது என்பதற்கான முதல் தடயம் ஒரு நாயின் சாவில் கிடைத்தது. 1901இல் மொனாக்கோ இளவரசரின் ஆய்வுக் கப்பலில் பயணம் செய்த ஷார்ல் ரிஷே, பால் போர்த்தியே என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் கடல் சொறியின் நஞ்சை ஆராய்ந்தார்கள். பாரிசுக்குத் திரும்பியபின் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தினால் அவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி வளரும் என்று எதிர்பார்த்தார்கள். நெப்டியூன் என்ற நாய்க்கு முதல் ஊசியில் ஒன்றும் ஆகவில்லை. 22 நாள் கழித்து அதே அளவைச் செலுத்தினார்கள். சில நொடிகளில் மூச்சுத் திணறி விழுந்து 25 நிமிடத்தில் இறந்துபோனது. காக்க வேண்டிய அமைப்பே கொல்கிறது என்பதை ஏற்க அன்றைய மருத்துவ உலகம் தயங்கியது. ரிஷே அதற்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார். 1913இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1960களின் நடுவில், அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும் ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் இணையும் தனித்தனியாக ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைக் கண்டறிந்தார்கள்.

முதல் சந்திப்பில் உடல் ஐஜிஇயைத் தயாரித்து மாஸ்ட் செல்களின் மேற்பரப்பில் நட்டு வைக்கிறது. அடுத்த சந்திப்பில் வரும் பொருள் இரண்டு ஐஜிஇக்களை ஒருசேரப் பிடித்து இணைத்தால் செல் தன் துகள்களைக் கொட்டிவிடுகிறது. அப்படியானால் ஒரு கேள்வி எழும். வாழ்நாளில் முதல்முறையாக நீலச் சாய ஊசி போட்டுக்கொள்ளும் பெண்ணுக்கு எப்படி அனாஃபிலாக்சிஸ் வருகிறது? முதல் சந்திப்பு மருத்துவமனைக்கு வெளியிலேயே நடந்திருக்க வேண்டும். இதே குடும்பத்துச் சாயங்கள் துணியில், காகிதத்தில், அழகுப் பொருள்களில், தோல் பதனிடும் தொழிலில் இருக்கின்றன. ஐரோப்பாவில் பேட்டன்ட் புளூ வி, இ131 என்ற எண்ணில், அனுமதிக்கப்பட்ட உணவு நிறமி. அமெரிக்காவில் அதை உணவில் சேர்க்க அனுமதி இல்லை. குறிப்பிட்ட ஒரு நோயாளிக்கு எந்தப் பொருளால் உடல் பழகியது என்று சொல்வது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால்தான் “உங்களுக்கு ஏதாவது அலர்ஜி இருக்கிறதா?” என்று அறுவைக்கு முன் கேட்கும் வழக்கமான கேள்வி இங்கே உதவுவதில்லை. இருப்பது அவருக்கே தெரியாது.

இனி அரங்குக்குள் திரும்புவோம். விழித்திருக்கும் ஒருவருக்கு அனாஃபிலாக்சிஸ் வந்தால் அவர் சொல்லிவிடுவார். உள்ளங்கை அரிக்கிறது, தொண்டை அடைக்கிறது, என்னவோ செய்கிறது, பயமாக இருக்கிறது என்பார். மயக்கத்தில் இருப்பவருக்கு வாய் இல்லை. உடல் முழுவதும் பச்சைத் துணியால் மூடியிருப்பதால் தோலும் தெரியாது. எஞ்சுவது திரையில் ஓடும் எண்கள்தான். ரத்த அழுத்தம் குறைவது அறுவை அரங்கில் அன்றாடம் நடக்கும் விஷயம். மயக்க மருந்தின் அளவு கூடினால் குறையும், ரத்தம் போனால் குறையும், படுக்கையின் சாய்வை மாற்றினாலும் குறையும். அனாஃபிலாக்சிஸ் இந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. விரிந்துவிட்ட ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிகிறது. பத்தே நிமிடத்தில் ரத்த ஓட்டத்தின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குவரை இப்படி வெளியேறலாம். ஒரு துளி ரத்தம் சிந்தாமலே ரத்தமெல்லாம் போனவரின் நிலைக்கு நோயாளி வந்துவிடுகிறார்.

மயக்கவியல் மருத்துவர் முதலில் நினைப்பது தன் கையால் கொடுத்தவற்றை. ஆன்டிபயாடிக், தசை தளர்த்தி, வலி மருந்து எல்லாம் எத்தனை மணிக்குப் போயின என்று அவருடைய தாளில் குறிப்பு இருக்கும். நீலச் சாயத்தை அவர் கொடுக்கவில்லை. மேசையின் மறுபுறத்தில் அறுவை மருத்துவர் கொடுத்தார். பேச்சுவாக்கில் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். தோலைத் துடைக்கும் குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினிக்கும் இதே கதைதான். மயக்கவியல் தாளில் ஏறாத பொருள்களே இப்படிக் கடைசியில் பிடிபடுகின்றன. சாயம் போடும்போது அறுவை மருத்துவர் உரக்கச் சொல்ல வேண்டும், நேரத்தைத் தாளில் குறிக்க வேண்டும் என்பது செலவில்லாத ஏற்பாடு. இதை ஒவ்வொரு அரங்கும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சாயம் இன்னொரு குழப்பத்தையும் உண்டாக்குகிறது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்துசேர்ந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். விரலின் ஒரு பக்கத்திலிருந்து இருவகை ஒளியைப் பாய்ச்சி மறுபக்கத்தில் எவ்வளவு வந்துசேர்கிறது என்று அது அளக்கிறது. ஒன்று 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளி, மற்றது 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஆக்ஸிஜன் இழந்த ஹீமோகுளோபின் சிவப்பொளியை அதிகம் விழுங்கும். பேட்டன்ட் புளூவும் ஐசோசல்ஃபான் புளூவும் 640 நானோமீட்டருக்குப் பக்கத்தில் ஒளியை விழுங்குபவை. ரத்தத்தில் அவை கலந்தால் சிவப்பொளி குறைவாக வந்துசேரும். ஆக்ஸிஜன் குறைந்துவிட்டது என்று கருவி தவறாகப் படிக்கும். உண்மையில் தமனி ரத்தத்தை எடுத்து அதிலுள்ள ஆக்ஸிஜன் அழுத்தத்தை அளந்தால் குறை ஒன்றும் இருக்காது.

இதில் ஆபத்து எங்கே என்றால், அனாஃபிலாக்சிஸிலும் ஆக்ஸிஜன் குறையும். மூச்சுக்குழாய் இறுகும், நுரையீரலுக்குப் போகும் ரத்தம் குறையும். எண் 98லிருந்து 91க்கு இறங்கினால் அது சாயத்தின் வேலை என்று தட்டிக்கழிக்கவும் முடியாது, ஒவ்வாமை என்று உடனே முடிவுகட்டவும் முடியாது. ரத்த அழுத்தமும் கூடவே சரிகிறதா, மூச்சுக்குழாய்க்குள் காற்றைத் தள்ளும் அழுத்தம் ஏறுகிறதா, வெளிமூச்சில் வரும் கார்பன் டைஆக்சைடு திடீரென்று குறைகிறதா என்று சேர்த்துப் பார்த்தால் உண்மை தெரியும். இந்தக் கருவியின் பிறப்பிலும் ஒரு சாயம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் டோக்கியோவில் தாகுவோ அயோயாகி என்ற பொறியாளர், இண்டோசயனின் பச்சை என்ற சாயத்தை ரத்தத்தில் செலுத்தி, காதுமடலில் ஒளி பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தத்தை இறைக்கிறது என்று அளக்க முயன்றார். நாடித்துடிப்பு அளவீட்டைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்த இடைஞ்சலை நீக்கப் போனவர், அந்தத் துடிப்பிலேயே ஆக்ஸிஜன் அளவு எழுதியிருப்பதைக் கண்டுகொண்டார்.

தடிப்பு நீலமாக இருப்பதற்குக் காரணம் எளிது. கசியும் நீரோடு சாயமும் தோலுக்குள் வந்து தங்குகிறது. சாயம் போட்டவர்களுக்கு இயல்பாகவே உடல் சற்றே சாம்பல் நீலம் பாய்ந்தாற்போல் இருக்கும். அதனால் ஆக்ஸிஜன் பற்றாக்குறையால் வரும் நீலத்தைப் பிரித்தறிவது கடினம். நம் ஊர்க் கருநிறத் தோலில் செந்தடிப்பே மங்கலாகத்தான் தெரியும். துணியை விலக்கிக் கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

நரம்பு வழியே போகும் ஆன்டிபயாடிக்கால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் முகம் காட்டிவிடும். நீலச் சாயம் தோலுக்கடியில் கிடப்பில் இருப்பதால் மெதுவாகத்தான் ரத்தத்துக்கு வருகிறது. எனவே எதிர்வினையும் தாமதமாகத் தொடங்குகிறது. நின்றுவிட்டது என்று நினைக்கும்போது மீண்டும் எழுகிறது. மணிக்கணக்கில் மருந்து ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டிவரலாம். சாயம் போட்ட திசுவை அறுவை மருத்துவர் வெட்டியெடுப்பதற்கு முன் எவ்வளவு ரத்தத்தில் கலந்தது என்பதைப் பொறுத்தும் இது மாறும். இப்படி ஒருவருக்கு வந்தால் அன்றிரவு அவரைச் சாதாரண வார்டில் விடக் கூடாது, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்க வேண்டும்.

எத்தனை பேருக்கு வருகிறது? ஹூஸ்டனிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் மையம் 2001இல் வெளியிட்ட தொகுப்பில் ஐசோசல்ஃபான் புளூ பெற்ற 639 பேரில் 7 பேருக்கு அனாஃபிலாக்சிஸ் வந்தது. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் 2,392 பேரில் 39 பேருக்கு ஏதேனும் ஓர் ஒவ்வாமை. அவர்களில் பெரும்பாலோருக்குத் தோலோடு நின்றுவிட்டது. பேட்டன்ட் புளூ வி பயன்படுத்திய பிரிட்டனில் 7,917 பேரில் 72 பேர், அதாவது 0.9 சதவீதம். எல்லா வகை மயக்க சிகிச்சையையும் ஓராண்டு முழுக்கக் கண்காணித்து, பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2018இல் வெளியிட்ட ஆறாவது தேசியத் தணிக்கை இன்னும் தெளிவான படத்தைத் தந்தது. கடுமையான அனாஃபிலாக்சிஸ் 266 பேருக்கு வந்தது, 10 பேர் இறந்தார்கள். காரணம் கண்டறியப்பட்ட 199 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஆன்டிபயாடிக்கும், மூன்றில் ஒருவருக்குத் தசை தளர்த்தியும், 9 சதவீதத்தினருக்குக் குளோர்ஹெக்சிடினும் காரணம். நான்காம் இடத்தில் 5 சதவீதத்தோடு பேட்டன்ட் புளூ வந்தது. எண்ணிக்கையில் சிறிதாகத் தோன்றும். ஆனால் அந்தச் சாயம் எத்தனை பேருக்குத் தரப்பட்டது என்று வகுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 7,000 பேருக்கு ஒருவர் என்று வந்தது. எல்லா மருந்துகளையும் இப்படி வரிசைப்படுத்தியபோது பேட்டன்ட் புளூ மேல்வரிசையில் நின்றது. டெய்கோபிளானின் என்ற ஆன்டிபயாடிக் மட்டுமே அதை முந்தியது. மருந்தென்று யாரும் எண்ணாத ஒரு பொருள் அந்த இடத்தில் நின்றதைக் கண்டபோதுதான் பலருக்கும் உறைத்தது.

வந்துவிட்டால் மருந்து ஒன்றுதான்: அட்ரினலின். சுருங்கச் சொன்னால், விரிந்த குழாய்களைச் சுருக்குகிறது, இதயத்தை உந்துகிறது, இறுகிய மூச்சுக்குழாயைத் தளர்த்துகிறது, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டாமல் தடுக்கிறது. அரங்கில் வளர்ந்தவர்களுக்கு நரம்பு வழியே 50 மைக்ரோகிராம் அளவில் தொடங்கி, தேவைக்கேற்பத் திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள். கூடவே சலைன் லிட்டர் கணக்கில் போக வேண்டும். ரத்த அழுத்தம் 50க்குக் கீழே போனால், நாடி இருந்தாலும், நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிட வேண்டும் என்பது பிரிட்டன் தணிக்கையின் பரிந்துரை. அவில், ஸ்டீராய்டு ஊசிகளைப் பற்றி நம்மிடையே தவறான நம்பிக்கை இருக்கிறது. அவை உயிர் காக்கும் மருந்துகள் அல்ல. அவற்றைத் தேடிக்கொண்டு அட்ரினலினைத் தாமதப்படுத்துவதுதான் நோயாளியைக் கொல்லும்.

அட்ரினலினுக்கும் பணியாத சில நேர்வுகளில் மருத்துவர்கள் மெத்திலீன் நீலத்தைச் செலுத்தி ரத்த அழுத்தத்தை மீட்டிருக்கிறார்கள். அதுவும் ஒரு நீலச் சாயம்தான். 1876இல் ஜெர்மனியில் ஹைன்ரிக் காரோ உருவாக்கியது. ரத்தக் குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடின் வழியை அது அடைக்கிறது. வழக்கமான சிகிச்சையாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. கடைசி முயற்சிகளில் ஒன்று, அவ்வளவே.

ஆபத்து கடந்த பிறகு காரணத்தைத் தேடும் வேலை தொடங்குகிறது. மாஸ்ட் செல் சிதறும்போது டிரிப்டேஸ் என்ற நொதியும் ரத்தத்தில் கலக்கிறது. சம்பவம் நடந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒரு ரத்த மாதிரி, ஒரு நாள் கழிந்தபின் இன்னொன்று எடுத்து ஒப்பிட்டால், நடந்தது ஒவ்வாமைதானா என்பது தெரியும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் சான்று கரைந்துபோகும். நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து, அன்று உடலுக்குள் போன ஒவ்வொரு பொருளையும் நீர்த்து, தோலில் மிகச் சிறு அளவில் குத்திப் பார்ப்பார்கள். இங்கேதான் தாளில் எழுதாத சாயம் பழிவாங்கும். பட்டியலில் அதன் பெயர் இல்லாவிட்டால் அதைச் சோதிக்கவே மாட்டார்கள். குற்றமற்ற ஆன்டிபயாடிக்கின் மேல் பழி விழும். அந்தப் பெண் ஆயுள் முழுக்க ஒரு நல்ல மருந்தைத் தவிர்ப்பார். உண்மையான காரணமோ அடுத்த அறுவையில் மீண்டும் ஊசியில் ஏறும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் “சாய ஒவ்வாமை” என்று மொட்டையாக எழுதுவதும் போதாது. ஸ்கேன் எடுக்கும்போது ஏற்றும் அயோடின் மருந்தையும் நம் மருத்துவமனைகளில் “டை” என்றுதான் சொல்கிறார்கள். அது நிறமே இல்லாத வேறொரு பொருள். கண் பரிசோதனையில் விழித்திரையைப் படமெடுக்கச் செலுத்தும் ஃபுளோரசின் இன்னொன்று. கண்புரை அறுவையில் பயன்படும் ட்ரிப்பான் புளூ வேறொன்று. ஒன்றுக்கு ஒவ்வாமை என்றால் எல்லாவற்றுக்கும் ஒவ்வாமை என்று பொருளல்ல. பேட்டன்ட் புளூவுக்கு எதிர்வினை காட்டியவர் ஐசோசல்ஃபான் புளூவைத் தவிர்க்க வேண்டும். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. ஸ்கேனுக்குப் போகும்போது அவர் பயப்பட வேண்டியதில்லை. சாயத்தின் முழுப் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்வது நோயாளியின் உரிமை.

முன்கூட்டியே ஸ்டீராய்டும் ஒவ்வாமை மருந்தும் கொடுத்துத் தடுக்கலாமா என்று எம்.டி. ஆண்டர்சன் மையம் சோதித்துப் பார்த்தது. எதிர்வினையின் கடுமை குறைந்தது, எண்ணிக்கை குறையவில்லை. வேறு பொருள்களுக்கு மாறலாமா? மெத்திலீன் நீலத்தின் வேதி அமைப்பு வேறு. ஒவ்வாமை அரிது, விலை மலிவு. இந்தியாவில் பல இடங்களில் அதையே பயன்படுத்த இதுவும் காரணம். ஆனால் தோலுக்குள் மேலோட்டமாகச் செலுத்தினால் திசு அழுகிவிடலாம். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்த அணுக்களைச் சிதைக்கும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு சேர்ந்து உயிருக்கு ஆபத்தான செரட்டோனின் மிகையை உண்டாக்கும். மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெறும் பெண்கள் உடல் வெப்பப் படபடப்புக்காகவும் அந்த மாத்திரைகளை எடுப்பதுண்டு என்பதால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இண்டோசயனின் பச்சை அகச்சிவப்பு ஒளியில் மின்னும், ஒவ்வாமையும் குறைவு. அதைப் பார்க்கத் தனிக் கேமரா வேண்டும். கதிரியக்கப் பொருளான டெக்னீஷியம் மட்டும் போதும் என்றால் அணுமருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனையாக இருக்க வேண்டும். காந்த இரும்புத் துகள்களும் வந்திருக்கின்றன. பின்னாளில் எடுக்கும் எம்ஆர்ஐ படத்தை அவை கெடுக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான மாற்றம் வேறு திசையிலிருந்து வருகிறது. காவல் கணுவையே எடுக்காமல் விட்டால் என்ன? 2 சென்டிமீட்டருக்கு மிகாத கட்டியும், அல்ட்ராசவுண்டில் சுத்தமாகத் தெரிந்த அக்குளும் கொண்ட பெண்களை வைத்து நடந்த சவுண்ட் ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. புற்று தொலைதூர உறுப்புகளுக்குப் பரவாமல் ஐந்தாண்டு கடந்தவர்கள், கணுவை எடுத்த குழுவில் 97.7 சதவீதம், எடுக்காத குழுவில் 98 சதவீதம். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நடந்த இன்செமா ஆய்வு 2024இல் இதே திசையைக் காட்டியது. இத்தகைய பெண்களில் பலருக்கு இனி அக்குளில் கத்தியும் வேண்டாம், மார்பில் நீல ஊசியும் வேண்டாம்.

ஆனால் அந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டறியப்பட்டவர்கள். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுகளில் முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்று. நம் மருத்துவமனைகளுக்கு வருபவர்களில் பலர் கட்டி பெரிதான பிறகே வருகிறார்கள். முதலில் மருந்துச் சிகிச்சை கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுவை செய்யும்போது, அவர்களில் பலரின் கையைக் காப்பாற்றுவது இன்றும் காவல் கணுச் சோதனைதான். இங்கே இன்னும் பல ஆண்டுகளுக்குச் சாயம் தேவைப்படும். அதைச் செலுத்தும் மாவட்ட மருத்துவமனை அரங்கில் கைக்கெட்டும் தூரத்தில் அட்ரினலின் ஊசி தயாராக இருக்க வேண்டும். சாயத்தின் பெயரும் செலுத்திய நேரமும் மயக்கவியல் தாளில் ஏற வேண்டும். டிரிப்டேஸ் சோதனைக்கு ரத்தம் அனுப்ப ஒரு வழியும் வேண்டும்.